சிட்னி ஓப்பரா ஹவுஸை உள்ளே போய்ப் பாருங்கள்: சுங்கை சிப்புட்டிலிருந்து கிளம்புவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிட்னிக்குப் போய்வந்த உறவினரின் கைப்பேசியை வாங்கிப் பாருங்கள். எல்லாரிடமும் ஒரே படம்தான் இருக்கும்: பின்னால் வெள்ளைக் கூரைகள், முன்னால் குளிர்சட்டை மாட்டிய அப்பாவும் அம்மாவும். "உள்ளே போனீர்களா?" என்று கேட்டால், "அது வெள்ளைக்காரர்கள் கச்சேரி கேட்கிற இடம், நமக்கு அங்கே என்ன வேலை?" என்று பதில் வரும். பிள்ளைகளைப் படிப்புக்கும் வேலைக்கும் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவிட்டு, பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போய்வரும் குடும்பங்கள் எங்கள் சுங்கை சிப்புட்டில் நிறைய உண்டு. ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயில், மேஸ் ஹில் முருகன் கோயில், பேரங்காடி, மகன் வீட்டுத் தோட்டம் என்று விடுமுறை ஓடிவிடுகிறது. ஓப்பரா ஹவுஸ் படத்தோடு நின்றுவிடுகிறது.

நமக்கு அங்கே வேலை இருக்கிறது. 14 ஆண்டுகள், சுமார் 10,000 தொழிலாளர்கள் சேர்ந்து கட்டிய இடம் அது. பால்மரம் சீவியும் செம்பனைக் குலை சுமந்தும் குடும்பத்தை நிமிர்த்தியவர்களுக்கு ஒரு வேலை எப்படிச் செய்து முடிக்கப்பட்டது என்று பார்க்கத் தெரியும். ஒரு மணி நேர வழிகாட்டிச் சுற்றில் அதைத்தான் காட்டுகிறார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் அந்தக் கூரையைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: அனுமதி, மாதம், விமானம்

மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் மின்னணுப் பயண அனுமதி பெற்றால் போதும். ஆஸ்திரேலிய அரசின் செயலியைக் கைப்பேசியில் இறக்கி, கடப்பிதழையும் முகத்தையும் படம் பிடித்து நாமே விண்ணப்பிக்கலாம். சேவைக் கட்டணம் 20 ஆஸ்திரேலிய டாலர். இதற்காக முகவரிடம் நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். அந்தப் பணத்தில் அம்மா, அப்பா இருவருக்கும் ஓப்பரா ஹவுஸ் சுற்றுக்கான டிக்கெட்டே வாங்கிவிடலாம். ஒவ்வொரு முறையும் மூன்று மாதம் வரை தங்க இந்த அனுமதி இடம் கொடுக்கிறது.

அங்கே ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்கள் குளிர்காலம். கட்டடம் மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த முனையில் நிற்பதால் காற்று காதை அறுக்கும். மார்ச், ஏப்ரல் அல்லது செப்டம்பர், அக்டோபர் வயதானவர்களுக்கு ஏற்ற காலம். மே மாதக் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை விவிட் சிட்னி என்ற ஒளித் திருவிழா நடக்கும். இரவில் கூரைமேல் வண்ண ஒளி பாய்ச்சுவார்கள், அழகுதான். ஆனால் தைப்பூசத்தன்று பத்துமலையில் நிற்கிற அளவுக்கு நெரிசல் இருக்கும் என்று மனத்தைத் தயார் செய்துகொண்டு போங்கள்.

கோலாலம்பூரிலிருந்து சிட்னிக்கு நேரடி விமானத்தில் சுமார் எட்டு மணி நேரம். சுங்கை சிப்புட்டிலிருந்து போகிறவர்கள் ரயிலில் கேஎல் சென்ட்ரல் போய் அங்கிருந்து விமான நிலைய ரயிலைப் பிடிக்கலாம். அல்லது ஈப்போ மேரு ராயாவிலுள்ள அமான் ஜெயா முனையத்திலிருந்து விமான நிலையத்துக்கே போகும் பஸ்ஸில் ஏறலாம். பெட்டி படுக்கையோடு வயதானவர்கள் போவதென்றால் பஸ்தான் நல்லது, ஏறி இறங்கும் வேலை குறைவு. ஏர் ஏசியா எக்ஸ் இரண்டாம் முனையம், மலேசியா ஏர்லைன்ஸ் முதலாம் முனையம். பஸ் டிக்கெட் வாங்கும்போதே இறங்கும் இடத்தைச் சரியாகச் சொல்லிவிடுங்கள்.

ஊறுகாய், கருவாடு, மசாலைத் தூள், முறுக்கு என்று மகளுக்கு மூட்டை கட்டாமல் எந்த அம்மாவும் கிளம்பமாட்டார். கொண்டுபோகும் உணவுப் பொருள் எதுவானாலும் சிட்னியில் இறங்கும்போது நிரப்பும் வருகை அட்டையில் குறிப்பிட்டுவிடுங்கள். சொல்லிவிட்டால் பார்த்துவிட்டு விடுவார்கள், அல்லது எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் கடும் அபராதம்.

இறங்கிய அன்றே சுற்றுக்குப் போக வேண்டாம். இரவு விமானத்தில் தூங்காமல் வந்த உடம்பு படிகளை ஏறாது. சிட்னி நேரம் நமக்கு இரண்டு மணி நேரம் முந்தியது. அக்டோபர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை மூன்று மணி நேரம். மூன்றாம் நாள் அல்லது அதற்குப் பிறகு ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: டிக்கெட்

ஓப்பரா ஹவுஸின் சொந்த இணையதளத்திலேயே வாங்குங்கள். வழக்கமான ஆங்கிலச் சுற்று ஒரு மணி நேரம். பகல் முழுவதும் பல முறை நடக்கும். பெரியவருக்கு 40 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஆகும். பிள்ளைகளுக்குக் குறைவு, குடும்பமாகப் போனால் சேர்த்து வாங்கும் டிக்கெட்டும் இருக்கிறது. சீனம், ஜப்பானியம், கொரியன் போன்ற சில மொழிகளில் அரை மணி நேரச் சுற்று உண்டு. தமிழில் இல்லை. அதற்கு என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன்.

காலை முதல் சுற்றையே எடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. பிற்பகலில் ஒத்திகையும் மேடை அமைப்பும் மும்முரமாக நடக்கும். சில அரங்குகளுக்குள் விடமாட்டார்கள். எந்த அரங்கு திறந்திருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுப்பதில்லை, ஏனென்றால் அது தினமும் கச்சேரி நடக்கும் இடம். காலையில் போனால் வாய்ப்பு கூடுதல், கூட்டமும் குறைவு.

வழக்கமான சுற்றில் ஏறி இறங்க இருநூறுக்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன. முழங்கால் வலி உள்ளவர்கள் இதைக் கேட்டதும் "நீங்கள் போய் வாருங்கள், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்" என்பார்கள். உட்கார வைக்காதீர்கள். படி ஏற முடியாதவர்களுக்கென்று மின்தூக்கி வழியாகவே அழைத்துப்போகும் தனிச் சுற்று இருக்கிறது. அதை முன்கூட்டியே பதிய வேண்டும்; சக்கர நாற்காலியில் இருப்பவரோடு குடும்பமும் போகலாம்.

மூன்றாம் படி: ஊரைவிட்டுக் கிளம்பும் முன் ஒரு கச்சேரி

இதை நான் எல்லாரிடமும் வற்புறுத்துவேன். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் அடியிலேயே டேவான் பில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ் இருக்கிறது. 1998 ஆகஸ்டு 17 அன்று திறக்கப்பட்ட அரங்கம். மேற்கத்திய செவ்விசைக்கென்றே நம் நாட்டில் கட்டப்பட்ட முதல் அரங்கம் அதுதான். பள்ளிப் பிள்ளைகளோடு கோபுரத்தின் முன் படம் எடுத்துக்கொண்ட நம்மில் பலர் அந்தக் கதவைத் திறந்ததே இல்லை. சிட்னிப் பயணத்துக்கு முன் ஒரு மாலை அங்கே போய் உட்காருங்கள். ஒலிபெருக்கி இல்லாமல் எழுபது, எண்பது பேர் வாசிப்பதைக் கடைசி வரிசையில் இருந்து கேட்டால்தான், மேடைக்கு மேலே தொங்கும் பலகைகளும் சுவரின் மரமும் எதற்காக என்று காது புரிந்துகொள்ளும். கோயில் திருவிழாவின் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் திறந்தவெளி ஒத்துப்போகிறது. வயலினுக்கு நான்கு சுவர் வேண்டியிருக்கிறது. சிட்னியில் வழிகாட்டி சொல்லப்போவதில் பாதி இதைப் பற்றித்தான்.

நான்காம் படி: கதையைத் தெரிந்துகொண்டு போங்கள்

வழிகாட்டிகள் ஆஸ்திரேலிய ஆங்கிலத்தில் வேகமாகப் பேசுவார்கள். கதையின் எலும்புக்கூடு முன்பே தெரிந்திருந்தால் பாதி புரிந்தாலும் போதும். பேரப்பிள்ளைகளுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

அந்த முனையின் இன்றைய பெயர் பெனலாங் முனை. அங்கு வாழ்ந்த காடிகல் மக்கள் அதை டுபவ்கூலே என்று அழைத்தார்கள். வெள்ளையர் வந்தபின் கோட்டை, பிறகு டிராம் வண்டிக் கொட்டகை. அந்தக் கொட்டகையை இடித்துவிட்டு இசை அரங்கம் கட்ட முடிவெடுத்த நியூ சவுத் வேல்ஸ் அரசு, 1956இல் உலகப் போட்டி ஒன்றை அறிவித்தது. வந்த திட்டங்கள் 233. 1957 ஜனவரியில் வென்றவர் டென்மார்க்கைச் சேர்ந்த யோர்ன் உட்சன், வயது 38.

1959இல் வேலை தொடங்கியது. கூரையை எப்படிக் கட்டுவது என்பது அப்போது உட்சனுக்கும் தெரியாது, கணக்குப் போட்ட ஓவ் அரப் நிறுவனத்தின் பொறியாளர்களுக்கும் தெரியாது. வரைபடத்தில் கூரையின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு வளைவாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு செய்தால் செலவு வானத்தைத் தொடும். பல வடிவங்களைப் போட்டுப் பார்த்து, 1961இல் உட்சன் வழி கண்டார்: எல்லாக் கூரைப் பகுதிகளையும் ஒரே அளவுள்ள ஒரு பெரிய உருண்டையின் மேற்பரப்பிலிருந்து வெட்டி எடுத்ததாக வைத்துக்கொள்வது. தம்பூன் பம்பளிமாசு ஒன்றை எடுத்து, தோலைப் பெரிதும் சிறிதுமாக முக்கோணத் துண்டுகளாகச் சீவிப் பாருங்கள். துண்டுகள் அளவில் வேறுபடும், வளைவு எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்கும். வளைவு ஒன்றானால் அச்சும் ஒன்றே போதும். சுமார் 75 மீட்டர் ஆரமுள்ள கற்பனை உருண்டை அது. இதை வீட்டிலேயே பிள்ளைகளை வைத்துச் செய்து காட்டிவிட்டால், அங்கே போய்க் கூரையைப் பார்த்ததும் அவர்களே பெரியவர்களுக்கு விளக்கிவிடுவார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதும் நம்மவர்களுக்குப் பிடிக்கும் கதை. தொடக்க மதிப்பீடு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். முடிந்தபோது 10 கோடியே 20 லட்சம். ஏறக்குறைய முழுவதும் லாட்டரியில் வந்தது. சாதாரண மக்கள் ஆண்டுக்கணக்கில் லாட்டரிச் சீட்டு வாங்கிக் கட்டிய மாளிகை அது.

1960 நவம்பரில், சுவர்கூட எழும்பாத நேரத்தில், அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பால் ரோப்சன் கட்டுமானத் தளத்துக்கு வந்தார். மதிய உணவு வேளை. தொழிலாளர்கள் சாரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்க, அவர்களுக்காகப் பாடினார். அந்த இடத்தில் நடந்த முதல் கச்சேரி என்று இதைத்தான் சொல்கிறார்கள். எலிசபெத் அரசியார் கட்டடத்தைத் திறந்து வைத்தது 1973 அக்டோபர் 20இல்; அதற்குப் 13 ஆண்டுகள் முன்பே வேலைக்காரர்கள் தங்கள் கச்சேரியைக் கேட்டுவிட்டார்கள். இந்தக் கதையை வழிகாட்டி சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

உட்சனின் கதை மனத்தைப் பிசையும். செலவும் தாமதமும் கூடக்கூட, புதிதாக வந்த அரசு அவருக்குச் சேர வேண்டிய தொகையை நிறுத்தியது. 1966 பிப்ரவரியில் அவர் விலகினார், நாட்டைவிட்டும் போனார். உள்வேலைகளைப் பீட்டர் ஹால் என்ற இளம் கட்டடக் கலைஞர் முடித்துக் கொடுத்தார். 1999இல் அரங்க நிர்வாகத்துக்கும் உட்சனுக்கும் இணக்கம் ஏற்பட்டது. 2003இல் கட்டடக் கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் விருது அவருக்குக் கிடைத்தது, 2007இல் கட்டடம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2008இல் அவர் இறந்தார், கட்டி முடித்த கட்டடத்தை ஒருமுறைகூட நேரில் பார்க்காமலேயே. பீட்டர் ஹாலை வெகுகாலம் பழித்தார்கள். அடுத்தவர் விட்டுப்போன வேலையைத் தலையில் சுமந்து முடித்தவருக்கும் உரிய மரியாதை கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். உள்ளே நீங்கள் ரசிக்கப்போகும் மரவேலையும் கண்ணாடியும் பெரும்பாலும் அவர் காலத்தில் உருவானவை.

ஐந்தாம் படி: அன்று காலை

மேற்கு சிட்னியில், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், வெஸ்ட்மீட் பக்கம் நம்மவர்கள் அதிகம். பரமட்டாவிலிருந்து ரயிலிலேயே சர்க்குலர் கீ நிலையத்துக்குப் போய்விடலாம். தனி அட்டை வாங்க வேண்டியதில்லை. தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டை இருந்தாலே போதும், ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட வேண்டும். ஒரு அட்டையை ஒருவர்தான் பயன்படுத்தலாம். நிலையத்திலிருந்து கடலோரமாகக் கிழக்குப் பக்கம் பத்து நிமிடம் நடந்தால் ஓப்பரா ஹவுஸ்.

திரும்பும்போது அவசரம் இல்லையென்றால் பரமட்டா ஆற்றுப் படகில் போங்கள். ரயிலைவிட நேரம் அதிகம் பிடிக்கும். ஆனால் படகு துறையைவிட்டு விலகும்போது முழுக் கட்டடமும் திரும்பிக் காட்டும், பிறகு இரும்புப் பாலத்தின் அடியில் நுழையும். தனியாகப் படகுச் சுற்றுலாவுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

அரை மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். கூடும் இடம் டிக்கெட்டில் போட்டிருக்கும். பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள். ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். அதனால் கடப்பிதழ், மருந்து, கைப்பேசி வைக்கிற அளவுக்குச் சின்னப் பை போதும். ரப்பர் அடி வைத்த தட்டையான காலணி. சேலை கட்டும் அம்மாக்கள் படியில் மிதிபடாத அளவுக்குக் கொஞ்சம் உயர்த்திக் கட்டிக்கொள்ளட்டும். வெயில் அடித்தாலும் ஒரு சால்வை வேண்டும்: இசைக்குழு மேடையில் இருக்கும்போது கருவிகளின் சுருதி கலையாமல் இருக்கப் பெரிய அரங்கை 22.5 பாகையில் வைப்பார்கள், நமக்கு அது குளிர்.

முன்வாசலில் கையில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். கடற்புறாக்கள் வடையைப் பறித்துக்கொண்டு போகும். அவற்றை விரட்ட நாய்களையே வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

ஆறாம் படி: அந்த ஒரு மணி நேரம்

எல்லாருக்கும் காதுக்கருவி கொடுப்பார்கள். வழிகாட்டியின் பேச்சு அதில் வரும். ஆங்கிலம் வராத பெரியவரோடு போகும் பேரனோ பேத்தியோ ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, மறு காதைப் பாட்டிக்கு ஒதுக்க வேண்டும். வரிக்கு வரி மொழிபெயர்க்க வேண்டாம், பாட்டி பார்க்கவே மறந்துவிடுவார். "பாட்டி, மேலே பாருங்க, அந்த வரியெல்லாம் தனித்தனியா செஞ்சு மாட்டினது" என்று பார்க்க வேண்டியதை மட்டும் காட்டினால் போதும். மீதியை வெளியே வந்து உட்கார்ந்து சொல்லலாம். வழித்தடம் அன்றன்றைக்கு மாறும். எந்த வரிசையில் வந்தாலும் கீழே சொல்பவற்றைத் தவறவிடாதீர்கள்.

ஓடுகள். வெளியே கூரை தரையைத் தொடும் இடத்துக்கு அழைத்துப்போய்த் தொடச் சொல்வார்கள். தூரத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரித் தெரியும் கூரை, கிட்டே போனால் 12 சென்டிமீட்டர் சதுர ஓடுகளாகப் பிரிந்துவிடும். மொத்தம் 10,56,006 ஓடுகள். சுவீடனின் ஹோகனாஸ் நிறுவனம் இந்த ஓட்டுக்கான கலவையைச் சரிக்கட்டவே மூன்று ஆண்டு எடுத்துக்கொண்டது. களிமண்ணில் நொறுக்கிய கல்லைக் கலந்திருக்கிறார்கள். விரலால் தடவிப் பாருங்கள். நடுவில் இருப்பவை பளபளக்கும் வெள்ளை, கை வைத்தால் கண்ணாடிபோல் வழுக்கும், ஆனாலும் மேற்பரப்பு நுண்ணியதாகக் கரடுமுரடாக இருக்கும். விளிம்பில் இருப்பவை பளபளப்பில்லாத பாலேட்டு நிறம், சொரசொரப்பு. இரண்டும் மாறி மாறி வருவதால்தான் வெயில் கண்ணைக் குத்தாமல் கூரையின் மடிப்புகள் தூரத்திலும் தெரிகின்றன. இந்த ஓடுகளை யாரும் கூரையில் தொங்கிக்கொண்டு ஒட்டவில்லை. தரையில் அச்சுக்குள் ஓடுகளைக் குப்புற அடுக்கி, பின்னால் கான்கிரீட் ஊற்றி, அம்பு முனை வடிவப் பலகைகளாக ஆக்கி, அவற்றை மேலே தூக்கித் திருகாணியால் முடுக்கினார்கள். இரண்டு பலகைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைக் கண்ணால் பின்தொடர்ந்து உச்சிவரை போங்கள். எங்கும் கோணல் இல்லை. மழையே பெரும்பாலும் கழுவிவிடுகிறது.

விலா எலும்புகள். உள்ளே நுழைந்து நிமிர்ந்தால் பூச்சு இல்லாத கான்கிரீட் விலாக்கள் ஒரு புள்ளியிலிருந்து விரிந்து மேலேறும். 2,194 துண்டுகளைத் தரையில் வார்த்து, ஒன்றின்மேல் ஒன்றாகத் தூக்கி வைத்து, உள்ளே இழுத்துக்கட்டிய எஃகு வடங்களால் இறுக்கியிருக்கிறார்கள். வடத்தின் நீளம் 350 கிலோமீட்டர். ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் போய் மலாக்காவரை எட்டும். சுவரைத் தொட்டால் கான்கிரீட் என்றே நம்ப முடியாத வழவழப்பு. மேலே பூசி மறைக்கப்போவதில்லை என்று தெரிந்தே வார்த்தது அது. வார்த்தவர் கையில் பிசகு நடந்திருந்தால் இன்றைக்கும் தெரியும். இந்த இடத்தில் வழிகாட்டி நகர்ந்தாலும் ஒரு நிமிடம் பின்தங்கி நில்லுங்கள். போருக்குப் பிறகு பல நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி ஆஸ்திரேலியாவுக்கு வந்தவர்களின் வேலை இது. கப்பலேறி வந்து காட்டைத் திருத்திய தாத்தாவின் பேரன் பேத்திகளுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

பெரிய அரங்கம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள், வெள்ளை பிர்ச் மரப்பலகை விதானம், கீழே பிரஷ் பாக்ஸ் என்ற ஆஸ்திரேலிய மரம். மேடைக்கு மேலே விதானம் 25 மீட்டர் உயரம். அந்த உயரம்தான் நெடுங்காலம் தொல்லை கொடுத்தது: வாசிப்பவர்களின் ஒலி மேலே போய்விடும், பக்கத்தில் இருப்பவர் வாசிப்பதே அவர்களுக்குச் சரியாகக் கேட்காது. 2020 தொடக்கத்தில் அரங்கை மூடி, மேடையை 40 சென்டிமீட்டர் தாழ்த்தி, பழைய அக்ரிலிக் வளையங்களைக் கழற்றிவிட்டு, இதழ் வடிவத்தில் 18 ஒலி எதிரொளிப்பான்களைத் தொங்கவிட்டார்கள். 2022 ஜூலையில் மீண்டும் திறந்தார்கள். இருக்கைகளின் அதே அடர்ந்த இளஞ்சிவப்பு நிறத்தில் தலைக்குமேல் மிதப்பவை அவைதான். கோலாலம்பூரில் ஒரு கச்சேரி கேட்டுவிட்டுப் போகச் சொன்னது இந்த இடத்துக்காகத்தான்.

மேடைக்குப் பின்னால் சுவரை நிறைத்திருப்பது குழாய் ஆர்கன். ரொனால்டு ஷார்ப் என்பவர் பத்து ஆண்டுகள் உழைத்து 1979இல் முடித்தது; 10,154 குழாய்கள். கண்ணில் படுவது கொஞ்சம், மீதி பின்னால் மறைந்திருக்கிறது. விசையிலிருந்து குழாய்வரை எந்திரவியல் இணைப்பாலேயே இயங்கும் ஆர்கன்களில் உலகிலேயே இதுதான் பெரியது.

ஜோன் சதர்லாண்ட் அரங்கம். 1,507 இருக்கைகள், கறுப்புச் சுவர். இசை நாடகம் நடப்பது இங்கேதான். பெரிய அரங்கில் இரண்டையும் நடத்துவதுதான் முதல் திட்டம். உட்சன் போனபின் அதை மாற்றி, பெரியதை இசைக்கு மட்டும் என்று ஒதுக்கி, நாடகத்தைச் சிறிய அரங்குக்குத் தள்ளினார்கள். ஓப்பரா ஹவுஸ் என்று பெயர் வைத்துவிட்டு ஓப்பராவுக்கே இடம் நெருக்கடியான கதை இப்படித்தான் வந்தது. மேடைக்கு முன்னுள்ள குழியில் வாத்தியக்காரர்கள் நெருக்கியடித்து உட்காருவார்கள். குழியின்மேல் ஏன் வலை கட்டியிருக்கிறது என்று பிள்ளைகளை விட்டுக் கேளுங்கள். 1980களில் ஒரு நாடகத்தில் மேடையேற்றிய உயிர்க்கோழி நடந்து போய்ச் செல்லோ வாசித்தவர் தலையில் விழுந்த கதையைச் சொல்வார்கள். பாட்டிகளுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாமல் புரியும் கதை அது.

கடல் பக்கக் கண்ணாடிச் சுவரிடம் நிற்கும்போது, காலடியில் இருப்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். 588 கான்கிரீட் தூண்கள் கடல் மட்டத்துக்குக் கீழே 25 மீட்டர்வரை இறங்கிக் கட்டடத்தைத் தாங்குகின்றன. துறைமுகத் தண்ணீரையே குழாய்களில் ஓட்டிக் கட்டடத்தைக் குளிர்விக்கிறார்கள். தொடக்கத்திலேயே யோசித்துச் செய்த ஏற்பாடு.

படம் எடுப்பது பற்றி: வெளியிலும் கூடங்களிலும் தாராளமாக எடுக்கலாம். அரங்குக்குள் மேடை அமைப்போ ஒத்திகையோ இருந்தால் கூடாது. வழிகாட்டி சொன்னதும் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள், மகனுக்குக் காணொளி அழைப்பில் காட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஏழாம் படி: சுற்று முடிந்தபின்

காலை முதல் சுற்றுக்குப் போனவர்களுக்கு மதியத்துக்கு இன்னும் நேரம் இருக்கும். பக்கத்திலேயே அரச தாவரவியல் பூங்கா, நுழைவு இலவசம். கட்டி எடுத்துவந்த புளிச்சோறும் தயிர்ச்சோறும் அங்கே புல்தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம்; யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கடலோரப் பாதையிலேயே நடந்து மிசஸ் மக்வாரி நாற்காலி என்ற பாறைவரை போனால், கட்டடமும் பாலமும் ஒரே சட்டத்தில் வரும். ஊருக்கு அனுப்பும் படத்தை அங்கே எடுங்கள்.

இரண்டாம் முறை போகிறவர்களுக்கும் இசை பயிலும் பிள்ளைகளுக்கும் மேடைக்குப் பின்புறம் காட்டும் சுற்று ஒன்று இருக்கிறது. காலை ஏழு மணிக்கே தொடங்கும், காலை உணவோடு சேர்த்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், விலையும் பல மடங்கு. முதல்முறை போகிறவர்களுக்கு அது வேண்டாம்.

அந்தப் பணத்தை ஒரு கச்சேரிக்குக் கொடுங்கள். சுற்று முடிந்ததும் டிக்கெட் சாளரத்தில் அந்த வாரம் என்ன இருக்கிறது, குறைந்த விலை இருக்கை எது என்று நேரில் கேளுங்கள். மேடைக்குப் பின்பக்கமும் பக்கவாட்டிலும் உள்ள இருக்கைகள் பெரும்பாலும் மலிவு. நடத்துநரின் முகத்தையும் தாளக் கருவிக்காரர்களின் கையையும் அங்கிருந்துதான் நன்றாகப் பார்க்கலாம். கோட்டு, டை எதுவும் வேண்டாம், துப்புரவான சட்டையும் சேலையும் போதும். தாமதமாகப் போனால் இடைவெளி வரும்வரை கதவைத் திறக்கமாட்டார்கள், அதனால் வென்ட்வொர்த்வில்லிலிருந்து ஒரு ரயில் முன்னதாகவே ஏறிவிடுங்கள்.